பின்கட்டு மரவை

மாசி 19, திங்க

திருடுனேனா? எங்க, இன்னொரு தடவை சொல்லுங்க நாச்சியப்பன் சின்னையா. டிரைவர் புள்ளைகிட்டச் சொல்லி விடாம, இங்க வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. "எங்க வீட்டுப் பீங்கானைச் சேவுகன் திருடி வச்சிருக்கான், மரியாதையாத் திருப்பிக் குடுத்துட்டா போலீசுக்குப் போக மாட்டேன்." இதைச் சொல்றதுக்குள்ள அந்தப் புள்ள மூணு வாட்டி எச்சி முழுங்கிருச்சு. மோர் குடுத்து உக்கார வச்சேன். "போயி ஒங்க மொதலாளிகிட்டச் சொல்லு. சேவுகன் வீட்டுல பீங்கானே கெடையாது. ஒரு மரவைதான் இருக்கு. அதுவும் அவுக குடுத்ததுதான்"னு சொல்லி அனுப்பினேன்.

மரவைன்னா மரக்கிண்ணம். ஒங்க பெரிய வீட்டுப் பின்கட்டுல எனக்குன்னு ஒதுக்கி வச்சது. பதினஞ்சு வயசுல நான் விறகு பொளக்க வந்த அன்னிக்கு வச்சது. முகப்பு, நடுமுத்தம் இருக்கற வளவு, ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி, மாட்டுக்கொட்டாய்ச் செவத்துல அதுக்குன்னு ஒரு மாடம். நான் எந்தத் தெருக்காரன்னு இதுல எழுத வேண்டியதில்ல. தனிச் சட்டின்னாலே இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் வெளங்கிரும்.

இருவத்தோரு வருசம் அதுல கூழு குடிச்சேன். நீங்க பங்கு பிரிச்ச அன்னிக்கு அதை என்கிட்டயே குடுத்து அனுப்புனீக. அப்பறம் நாப்பது வருசமா என் வீட்டுலயும் அதுலதான் குடிக்கிறேன். அது பீங்கான்னு ஒரு அம்மா சொன்ன ஒடனே திருட்டுச் சாமானா ஆயிருச்சா?

எனக்கு ஒண்ணுந் தெரியாது. நான் விறகு பொளக்கிறவன். மரம்னு குடுத்தாக. மரம்னு வாங்கிக்கிட்டேன்.

இன்னிக்கு வேற வேலை: ஆட்டுக்கு முருங்கைக் கொப்பு ஒடிச்சுப் போட்டேன். பிரசர் மாத்திரை தீந்துபோச்சு.

மாசி 20, செவ்வா

இந்த டைரி சிமிண்டுக் கடையில குடுத்தது. போன வருசத்து டைரி. அதனால அச்சடிச்ச தேதியை அடிச்சுட்டு மேல தமிழ் மாசம் போட்டுக்கிறேன். எழுதச் சொன்னது ஜெசிந்தாம்மா. "ஐயா, அந்தக் கிண்ணத்தைப் பத்தி ஞாபகம் வர்றதெல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க. நாளைக்கு யாராவது கேட்டா அதுதான் சாட்சி"ன்னாக. நான் படிச்சது மூணாப்பு. தப்பு இருந்தா திருத்திக்கங்கம்மா. திருத்தாட்டியும் குடி முழுகிறாது.

அவுக யாருன்னு சொல்லணும்ல. மெட்ராசுக்காரக. அம்பது வயசு இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயித்துல கட்டித் தொங்க விட்டிருப்பாக. பழைய பீங்கான் எந்த ஊரு, எத்தனை வயசுன்னு பாத்துச் சொல்றதுதான் அவுக வேலை. பெரிய வீட்டை நாச்சியப்பன் சின்னையா இப்ப வெள்ளைக்காரக தங்குற ஓட்டலா மாத்துறாகள்ல, அங்க இருக்கற சாமானை எல்லாம் பாத்து எழுதிக் குடுக்க வந்தாக. பின்கட்டுச் சாமான் எல்லாம் சேவுகனுக்குத்தான் தெரியும்னு யாரோ சொல்லி, போன வெள்ளிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்தாக.

நான் அப்பப் பழைய சோத்து நீச்சத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன். ஊறுகாயோட.

பேசிக்கிட்டே இருந்தவுக பேச்சை நிறுத்திட்டாக. "ஐயா, இதைக் கையில எடுத்துப் பாக்கலாமா?"

"எச்சிச் சட்டிம்மா."

"பரவால்ல. குடுங்க."

ரெண்டு கையாலயும் வாங்குனாக. மொத நாளு சமையக்காரரு கொண்டாந்து மாடத்துல வச்சதோட சரி, அதுக்கப்பறம் என்னையத் தவிர அதை யாரும் தொட்டதில்ல. பெரிய வீட்டுல மேல இருந்துதான் ஊத்துவாக. என் பொண்டாட்டி அடைக்கியும் தொட மாட்டா. அது வேற கதை.

ஜெசிந்தாம்மா நகத்தால ஒரு தட்டு தட்டுனாக. கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. மிச்சத் தண்ணியை நான் குடிச்ச பொறகு கவுத்தாக. அடியில செவப்பாக் கட்டம் போட்ட முத்திரை. அதைப் பாத்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டாக. அடைக்கி பயந்துபோயி விசிறி எடுத்தாந்தா.

அப்பறந்தான் சொன்னாக. எரநூத்தம்பது வருசத்துக்கு முந்தி சீனாவுல ஒரு ராசா. பேரு சொன்னாக, என் நாக்குல நிக்கல. அவரோட சூளையில இருந்த கைகாரனுக பீங்கானை எது மாதிரி வேணாலும் ஆக்குவானுகளாம். கல்லு மாதிரி, துருப்புடிச்ச இரும்பு மாதிரி, வெங்கலம் மாதிரி, மூங்கி மாதிரி. மரம் மாதிரியும். நண்டும் கொட்டையும் பீங்கான்லயே பண்ணித் தட்டுல வச்சிருவானுகளாம். வந்தவன் எடுத்துக் கடிச்சா பல்லு போச்சு.

"அப்ப ராசா எதுக்கும்மா மரச்சட்டி மாதிரிப் பண்ணச் சொன்னாரு? மரச்சட்டியில குடிக்கணும்னா மரச்சட்டியிலயே குடிக்க வேண்டியதுதானே?"

அவுக சிரிச்சாக. "அதுதாங்கய்யா ராஜா."

எனக்கு அந்த ராசாவை ரொம்பப் புடிச்சுப் போச்சு. நம்ம ஆளு.

ஜெசிந்தாம்மா மனசுல கள்ளமில்லாதவுக. சந்தோசம் தாங்காம அன்னிக்குச் சாயங்காலமே சின்னையாகிட்டச் சொல்லிட்டாக. அதோட பலன்தான் திங்கக்கெழமை டிரைவர்.

மாசி 21, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போயி மாத்திரை வாங்கினேன். டோக்கன் நம்பர் தொண்ணூத்தி நாலு.

மாசி 23, வெள்ளி

அடைக்கி காலையிலயே ஆரம்பிச்சுட்டா.

"ஏய்யா, அந்தக் கருமத்தைத் தூக்கி அவுக மூஞ்சியில எறிஞ்சுட்டு வா."

"எறிஞ்சா ஒடஞ்சுரும்டி. சீனத்து ராசாவோடது."

"எந்த ராசாவோடதா இருந்தா எனக்கென்ன? அது வந்த அன்னிக்கே நான் என்ன சொன்னேன்? ஒன் சட்டியை அங்க மாட்டுக்கொட்டாயில வச்சாக சரி, அதை ஏன் வீட்டுக்கு வேற தூக்கிட்டு வந்தேன்னு கேட்டேனா இல்லையா?"

கேட்டா. நாப்பது வருசமாக் கேக்குறா. புள்ளைகளை ஒரு நாளும் அதுல சாப்பிட விட்டதில்ல. அவளும் கையால தொட்டதில்ல. நான் கழுவி, நான் வச்சு, நான் எடுத்துக் குடிக்கணும். எவர்சில்வர் வாங்கிக் குடுத்தா, கண்ணாடி வாங்கிக் குடுத்தா. நான் இதை விடல.

"பழகிப்போச்சுடி."

"அவுக ஒதுக்கி வச்சது ஒனக்குப் பழகிப்போச்சு. எனக்குப் பழகல."

கோழி முட்டை வச்சிருக்கான்னு பாக்கப் போயிட்டேன். வைக்கல.

மாசி 25, ஞாயிறு

ஜெசிந்தாம்மா திரும்ப வந்தாக. பூஜைச் சாமானை எடுக்கற மாதிரி துணியை விரிச்சு அதுமேல சட்டியை வச்சு, போட்டோவா எடுத்தாக. மேல, கீழ, உள்ள, அடி.

"எவ்வளவு தத்ரூபமா இருக்கு பாருங்க. நாரு ஓட்டம், வளையம், கணு எல்லாமே. அச்சு அசல் மரம். ஒரு தப்புச் சொல்ல முடியாது."

எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"தப்பு இருக்கும்மா."

"எங்க?"

"இந்தக் கணுவைப் பாருங்க. கணுன்னா கெளை மொளச்ச எடம். அது மரத்துக்குள்ள ஊடுருவிப் போயிருக்கும். கோடாலியை நிறுத்துறதே அதுதான். வெளிய இந்த எடத்துல கணு இருந்துச்சுன்னா உள்பக்கமும் இதே எடத்துல இருக்கணும். இருக்கா? இல்ல. அதே மாதிரி வெளிய ஓடுற கோடு விளிம்புல ஏறி உள்ள எறங்கணும். இது விளிம்போட நின்னுபோச்சு. உள்ள வேற மரம் ஓடுது. வரஞ்சவன் பெரிய கைகாரன்தான். ஆனா ஒரு நாளும் விறகு பொளந்ததில்ல."

அவுக கண்ணாடியைப் போட்டு, கழட்டி, தொடச்சுத் திரும்பப் போட்டுப் பாத்தாக. "ஐயா, இத்தனை வருசமா இந்த மாதிரிச் சாமானைப் பாக்குறேன், இதைக் கவனிச்சதே இல்ல."

"மொத வாரமே தெரியும்மா. மரமா இருந்தா மோர் வாடை புடிச்சிருக்கும். வெயில்ல வாய் பொளந்திருக்கும். இது ரெண்டும் செய்யல."

அவுக மெதுவா நிமுந்து என்னையப் பாத்தாக. "மொத வாரமேவா? அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு மாத்திரை சாப்பிடற நேரம் வந்துருச்சு. எந்திரிச்சு உள்ள போயிட்டேன்.

மாசி 27, செவ்வா

வக்கீல் நோட்டீசு வந்துருச்சு. பதிவுத் தபால். போஸ்ட்மேன் படிச்சுக் காட்டினாரு. "எங்கள் கட்சிக்காரருக்குச் சொந்தமான பழம்பெரும் சீனப் பீங்கான் கிண்ணத்தைத் தாங்கள் சட்ட விரோதமாக வைத்திருப்பது"ன்னு போகுது. தாங்களாம்! எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. டிரைவர்கிட்டச் சொல்லி விட்டப்ப "அவன்". நேத்து அவுகளே போன்ல கூப்பிட்டப்ப "சேவுகண்ணே". இன்னிக்குத் "தாங்கள்". இந்தச் சட்டி இன்னும் கொஞ்ச நாளு நம்ம வீட்டுல இருந்தா என்னையச் சாமின்னு கும்புட்டுருவாக போல.

ட்ரங்குப் பெட்டியைக் கொடஞ்சேன். அடைக்கி கல்யாணப் பொடவைக்கு அடியில, ரேசன் கார்டு பழசோட மடிச்சு வச்சிருந்தது கெடச்சுச்சு. பங்கு பிரிச்ச அன்னிக்குக் குடுத்த துண்டுச் சீட்டு. வேலைக்காரக ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்தாக. என்னுதுல இப்படி இருக்கு:

சேவுகன் வகைக்கு. கோடாலி 2. ஆப்பு 4. மரவை 1.

கீழ தேதியும் இருக்கு. எழுதுன கையெழுத்து யாருதுன்னு எனக்குத் தெரியும். ஜெசிந்தாம்மா, நீங்க கேக்காதீக. இப்பச் சொல்ல மாட்டேன்.

அந்த வீட்டுல பங்கு எப்படிப் பிரிச்சாகன்னா, சாமானை எது எதால செஞ்சதோ அது அதாச் சேத்து அடுக்கி வச்சு. வளவுல வெள்ளி ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், எனாமல் ஒரு பக்கம், பீங்கான் ஒரு பக்கம், கண்ணாடி, இரும்பு, மரம். யாரு பங்குக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கினாக. பீங்கான் பூராவும் நாச்சியப்பன் சின்னையாவோட அப்பாவுக்கு விழுந்துச்சு. வளவுக்கு வராத சாமான் பின்கட்டுல கெடந்தது மட்டும்தான். அதை அங்க போயி எழுதினாக.

மாசி 28, புதன்

மழை மாதிரி இருந்துச்சு. பெய்யல.

பங்குனி 1, சனி

வந்துட்டாக! காரு எங்க தெருவுக்குள்ள நொழையாது. முக்குல நிறுத்திட்டு நடந்து வந்தாக. அறுவத்தோரு வயசு. நல்ல வெள்ளைச் சட்டை. எங்க தெருவுக்குள்ள அவுக கால் வச்சது இதுதான் மொதத் தடவை. நாயி கூட குரைக்க மறந்துருச்சு.

"வாங்க சின்னையா. உக்காருங்க." பிளாஸ்டிக் நாற்காலியைத் தொடச்சுப் போட்டேன்.

"இருக்கட்டும் பெரியவரே."

பெரியவரு யாருடான்னு நான் பின்னாடி திரும்பிப் பாத்தேன். அடைக்கி சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டா.

நான் துண்டுச் சீட்டைக் காட்டினேன். கையில குடுக்கல. தூரக்கவே காட்டினேன்.

"சரி, அதுல என்ன எழுதியிருக்கு? மரவை ஒண்ணு. நீங்களே சொல்லுங்க, இது மரமா?"

"நீங்கதான் சொல்லணும். படிச்சவுக."

"பீங்கான். வீட்டுப் பீங்கான் மொத்தமும் எங்கப்பா பங்கு. அவருக்கப்பறம் எனக்கு."

"அப்ப ஒங்க பீங்கான் லிஸ்டை எடுத்துட்டு வாங்க. தட்டு எத்தனை, கோப்பை எத்தனை, மூடி போன சாடி எத்தனைன்னு ஒண்ணு விடாம எண்ணி எழுதியிருப்பீகள்ல? அதுல இந்தச் சட்டி எந்த வரியில இருக்கு?"

அவுக கைக்குட்டையால கழுத்தைத் தொடச்சாக.

"ஒங்க லிஸ்ட்லயும் இல்ல. என் லிஸ்ட்ல இருக்கறதும் இது இல்லைங்கிறீக. அப்ப இது ஆகாசத்துல இருந்து எங்க வீட்டுக் கூரை வழியா விழுந்துச்சா?"

"நான் கேசு போட்டா என்னாகும்னு தெரியும்ல?"

"போடுங்க. எனக்கு எழுவத்தாறு. அது முடியறப்ப ஒங்களுக்கு எம்பது இருக்கும். ரெண்டு பேரும் கோர்ட்டு வராண்டாவுல ஒரே பெஞ்சுல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கலாம். அதுக்காகவாச்சும் போடுங்க சின்னையா. எனக்கு ரொம்ப நாள் ஆசை."

அவுக மூஞ்சி செவந்துச்சு. அப்பறம் என்ன நெனச்சாகளோ, நாற்காலியில உக்காந்தாக. குரலும் எறங்கிப் போச்சு. முகப்புல ஒரு கண்ணாடிப் பெட்டி செஞ்சாச்சாம். மேல அவுக கொள்ளுத்தாத்தா படம். உள்ள இந்தச் சட்டி. திறப்பு விழாவுக்குப் பெரிய பெரிய ஆளுக வர்றாகளாம்.

"பக்கத்துல ஒரு சீட்டு எழுதி வைப்பீகள்ல? என்ன எழுதுவீக?"

"எங்க கொள்ளுத்தாத்தா பினாங்குல இருந்து கொண்டுவந்த ராஜ பீங்கான். நாலு தலைமுறையா எங்க குடும்பம் பாதுகாத்த பொக்கிஷம்."

"எங்க வச்சுப் பாதுகாத்தீகன்னு எழுதுவீகளா?"

நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு, "ஒனக்கு என்னதான் வேணும் சேவுகா?"ன்னாக. பெரியவரு போயி சேவுகன் திரும்ப வந்துட்டான். எனக்கு அதுதான் சௌரியம்.

"ஒண்ணும் வேணாம். சட்டியை ஒங்களுக்கே குடுத்துர்றேன். சும்மா."

அடைக்கி திரும்பி என்னையப் பாத்தா.

"ஒரே ஒரு கண்டிசன். செவ்வாக்கெழமை காலையில வாங்க. ஜெசிந்தாம்மாவையும் கூட்டிட்டு வாங்க. இந்தச் சட்டியோட கதையை நான் ஆரம்பத்துல இருந்து சொல்லுவேன். நீங்க இதே நாற்காலியில உக்காந்து கடைசி வரைக்கும் கேக்கணும். நடுவுல எந்திரிக்கக் கூடாது. நான் முடிச்சேன்னு சொன்ன ஒடனே எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சிரிச்சுட்டாக. பைத்தியக்காரக் கெழவன்னு நெனச்சிருப்பாக. கை குடுக்க வந்து, பாதியில சட்டைப் பையில இருந்து போனை எடுத்துக்கிட்டாக.

பங்குனி 2, ஞாயிறு

"நெசமாவே குடுத்துருவியா?" அடைக்கி கேட்டா. அரிசி பொடச்சுக்கிட்டு இருந்தா.

"முழுசாக் கேட்டாகன்னா குடுத்துருவேன்."

"கேட்டுட்டுத் தூக்கிட்டுப் போயிருவாக. ஒரு மணி நேரம் ஒன் பேச்சைக் கேக்கறது என்ன பெரிய விசயம்? நான் அம்பது வருசத்துக்கு மேலாக் கேக்குறேன்."

"நான் சொல்லப் போறது ஒனக்கே தெரியாது."

சொன்னேன். இவகிட்டச் சொல்லாம செவ்வாக்கெழமை ஊருக்குச் சொல்ல முடியாதுன்னு தோணுச்சு. பதினஞ்சு வயசுல, வேலைக்குச் சேந்த மொத வாரமே அது மரமில்லன்னு தெரிஞ்சுக்கிட்டதைச் சொன்னேன். கழுவுறப்ப ஒரு நாளு கெணத்து மேடையில லேசா இடிச்சுச்சு. அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகல. ரெண்டாங்கட்டு அலமாரியில கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சிருந்த பீங்கான் தட்டைத் தொடச்சு அடுக்கறப்ப பின்கட்டு வரைக்கும் அதே சத்தம்தான் கேக்கும். அந்தக் காலத்துல வெள்ளைக்காரக் கலெக்டர் வந்தா மட்டும் எடுப்பாகளாமே, அது. வெளிய கொண்டுபோயி யார்கிட்டயும் காட்டல. யாரு முன்னாடியும் தட்டுனதில்ல. தூக்கித் தட்டிப் பாத்தா யாருக்கும் வெளங்கியிருக்கும். ஆனா அந்த வீட்டுல அதை எவனும் தொட மாட்டான். அவுக போட்ட தீட்டே அதுக்குப் பூட்டு.

"இருவத்தோரு வருசம்டி. மேல இருந்து கூழை ஊத்துவாக. நான் கீழ குனிஞ்சு பவ்யமா வாங்குவேன். வாங்கிக்கிட்டு உள்ளுக்குள்ள, ஊத்துங்கடா, கலெக்டர் தட்டுல ஊத்துங்கடாம்பேன்."

அடைக்கி மொதல்ல சிரிச்சா. அவ சிரிப்பு ரெண்டு தெருவுக்குக் கேக்கும். மொறத்தைக் கீழ வச்சுட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. அப்பறம் சட்டுன்னு நிறுத்திட்டா.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒன் சிரிப்புக்குப் பயந்துதான்."

"போய்யா. நாப்பது வருசமா அதைப் பாக்கறப்ப எல்லாம் எனக்கு வயிறு எரியும். என் புருசனை நாய் மாதிரி வச்சிருந்த சட்டின்னு. நீ மட்டும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே குடிச்சிருக்கே. என்னைய எரிய விட்டுட்டு."

சாயங்காலம் அடுப்புக்கு விறகு எடுத்துக் குடுத்தேன், வாங்கிக்கிட்டா. பாத்திரம் கழுவுறப்ப, எல்லாத்தோடயும் சேத்து அந்தச் சட்டியையும் எடுத்துக் கழுவிக் கவுத்து வச்சா. நான் பாக்காத மாதிரி பாத்துக்கிட்டு இருந்தேன்.

மொத நாளு எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு எழுதியிருக்கேன். அந்தப் பக்கத்தைக் கிழிச்சிரலாமான்னு பாத்தேன். இருக்கட்டும்.

பங்குனி 4, செவ்வா

பத்து மணிக்கு ரெண்டு பேரும் வந்தாக. சின்னையா சட்டியை வைக்க பஞ்சு அடைச்ச ஒரு பெட்டி கொண்டாந்திருந்தாக. ஜெசிந்தாம்மா நோட்டோட பாய்ல உக்காந்தாக. அடைக்கி வாசப்படியில. சட்டியை நான் நடுவுல தரையில வச்சேன்.

"போனை அமத்திருங்க சின்னையா."

அமத்துனாக. "சீக்கிரம் சொல்லு."

நான் ஏன் சீக்கிரம் சொல்றேன்? சமையக்காரரு மரச்சாமான் பெட்டியில இருந்து இதை எடுத்தாந்து "பர்மா மரம் போல, கனமாக் கனக்குது"ன்னு மாடத்துல வச்சதுல ஆரம்பிச்சேன். கம்பங்கூழா கேப்பங்கூழா, எந்த மாசம் எதுன்னு சொன்னேன். ஊத்துறவுக கை எத்தனை ஒசரத்துல இருக்கும்னு கையை வச்சுக் காட்டினேன். தெறிச்ச கூழு மூஞ்சியில எங்க எங்க விழும்னு காட்டினேன். ஜெசிந்தாம்மா எழுதறதை நிறுத்திட்டாக. கணு கதையைச் சொன்னேன். கெணத்து மேடைச் சத்தத்தைச் சொன்னேன்.

"அப்ப ஒனக்கு மொதல்லயே தெரியும்!" சின்னையா நாற்காலியில முன்னாடி வந்தாக. "தெரிஞ்சே மறச்சிருக்கே. மேடம், கேட்டீங்கள்ல? இதுதான் திருட்டு."

"எழுதிக்கங்கம்மா"ன்னேன். "தெரிஞ்சேதான். எதை மறச்சேன் சின்னையா? ஒங்க வீட்டு மாடத்துல, ஒங்க கண்ணு முன்னாடி, வெட்டவெளியில இருவத்தோரு வருசம் கெடந்துச்சு. ஒருத்தரு, ஒரே ஒருத்தரு கை நீட்டித் தொட்டிருந்தா போதும். கதை இன்னும் முடியல. உக்காருங்க."

உக்காந்தாக. பெட்டியை மடியில வச்சுக்கிட்டாக.

"இப்பப் பங்கு பிரிச்ச நாளு. ஆடி மாசம். வளவுல எல்லாம் எழுதி முடிச்சாச்சு. பின்கட்டுச் சாமானை எழுத யாரு வந்தாகன்னு ஞாபகம் இருக்கா?"

அவுக பெட்டி மூடியைத் தெறந்து மூடினாக.

"கணக்குப்புள்ளைக்குக் காய்ச்சல். நீங்கதான் வந்தீக சின்னையா. காலேசு முடிச்சுட்டு வந்த புதுசு. கையில பேனா, கக்கத்துல நோட்டு. காலுல புதுத் தோல் செருப்பு. சருக்கு சருக்குன்னு சத்தம் போடும். இந்தச் சீட்டுல இருக்கறது ஒங்க கையெழுத்துதானே?"

சீட்டை இந்தத் தடவை கையிலயே குடுத்தேன். வாங்கிப் பாத்தாக. பாத்துக்கிட்டே இருந்தாக.

"கோடாலி எழுதுனீக. ஆப்பு எழுதுனீக. அப்பறம் மாடத்துல இருந்து இதை எறக்கிக் கீழ வைடான்னீக. வச்சேன். நீங்க பக்கத்துல வந்து..."

"போதும்."

"...குனியல. செருப்பு முனையால ஒரு நெம்பு நெம்புனீக. சட்டி கவுந்துச்சு. டங்குன்னு ஒரு சத்தம். அம்மாடி, எனக்கு உசுரு போயிருச்சு. ஒடனே நான் இருமினேன். அப்படி ஒரு இருமல் என் சென்மத்துல இருமுனதில்ல. மாடு மெரண்டு போச்சு."

ஜெசிந்தாம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டாக. சின்னையா எந்திரிச்சுட்டாக.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நான் அப்ப சின்னப் பையன்."

"இருவத்தோரு வயசு. எனக்கு அந்த வயசுல ஒரு புள்ள. உக்காருங்க சின்னையா, கண்டிசன். கவுந்துச்சா? இந்தச் செவப்பு முத்திரை மேல தெரியுது. சீன ராசாவோட முத்திரை ஒங்க செருப்புக்கு ஒரு சாண் தள்ளி இருக்கு. 'என்னமோ மார்க் போட்டிருக்கே'ன்னீக. நீங்கதான் சொன்னீக. நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். இப்பக் குனிவாக, இப்ப எடுப்பாக, எடுத்தா முடிஞ்சுச்சு. குனிஞ்சிருந்தா அது அன்னிக்கே ஒங்களுது. நீங்க..."

அவுக பெட்டியை நாற்காலியில போட்டுட்டு வாசலுக்குப் போனாக. அடைக்கி வழி விட்டு ஒதுங்கல. ஒரு நிமிசம் நின்னா. அப்பறம் நகந்தா.

"சார்," ஜெசிந்தாம்மா கூப்பிட்டாக. "சார், அவர் இன்னும் முடிக்கல. கொஞ்சம்தான் இருக்கும்."

திரும்பல. செருப்பை மாட்டறதுக்குக் காலு ரெண்டு தடவை தவறுச்சு. நான் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனேன். எனக்கு மூட்டுவலி, வேகமாப் போக முடியல.

"சின்னையா, நில்லுங்க! 'என்ன மரம்டா இது'ன்னு என்னையக் கேட்டீகள்ல, நான் என்ன சொன்னேன்னு கேட்டுட்டுப் போங்க! அதோட முடிஞ்சுச்சு! இன்னும் ரெண்டே வரிதான்! கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க!"

முக்கு வரைக்கும் நடந்தாக. எங்க தெரு சனம் பூராவும் வாசல்ல நின்னு பாத்துச்சு. டிரைவர் புள்ள கதவைத் தெறந்து விட்டுட்டு, எங்க பக்கமாத் திரும்பி என்னையப் பாத்துச்சு.

"ரெண்டே வரி சின்னையா! நான்..."

காரு கெளம்பிருச்சு. கதை முடியல, அதனால சட்டி எங்க வீட்டுலயேதான்.